ஆள் வந்தால் வாயை மூடும் ஃபிரிட்ஜ்

ஆன்டெனா அம்மாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் வீட்டார் அல்ல, பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் அறையில் அவளோடு வேலை பார்த்தவர்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த ஒவ்வொரு அழைப்பும் அவள் காது வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். எதிர்முனையில் இருப்பவர் 'ஹலோ' சொல்ல மூச்சை இழுப்பார் பாருங்கள், அந்த இழுப்பிலேயே ஆள் யாரென்று சொல்லிவிடுவாள். எலும்பு டாக்டர் அன்று காலை மனைவியோடு சண்டை போட்டாரா சமாதானமாக வந்தாரா என்பது அவர் வீட்டு வேலைக்காரிக்குத் தெரிவதற்கு முன்பே இவளுக்குத் தெரியும்.

ஒரு மழை நாளில் லைன் முழுக்கக் கரகரப்பு. ஒரு அழைப்பில் பேச்சே இல்லை, 'டொக் டொக்' என்று மட்டும் வந்தது. பக்கத்து நாற்காலிக்காரி, லைன் கோளாறு, வெட்டிவிடு என்றாள். ஆன்டெனா அம்மா வெட்டவில்லை. யாரோ நெஞ்சு அடைத்துப் பேச முடியாமல் போனை விரலால் தட்டுகிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பின்னால் ரயில் கேட் மணி, அதற்கும் பின்னால் மரம் அறுக்கும் மில். "ரயில் கேட், மர மில்லுக்கு எதிர் வரிசை" என்று ஆம்புலன்ஸை அனுப்பினாள். ஆள் பிழைத்தார். கதை கைமாறிக் கைமாறி, மில்லில் அறுத்தது தேக்கா மாவா என்றுகூட அவள் சொன்னதாக வளர்ந்துவிட்டது. அவளும் அதை மறுத்ததில்லை.

அப்பேர்ப்பட்ட காதோடு, வேலையிலிருந்து ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருந்தவளிடம்தான் ஒரு ஃபிரிட்ஜ் வம்புக்கு வந்தது.

ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு, நெஞ்சளவு உயரம். அந்த வீட்டுச் சமையலறை, ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே வந்தாக வேண்டிய அளவு. அதனால் ஃபிரிட்ஜுக்கு முன்னறையில், வாசல் கதவை ஒட்டித்தான் இடம் கிடைத்தது. மாடிப்படியெல்லாம் ஏறி மூச்சு வாங்க நுழைகிறவர்கள் கைக்கு முதலில் அகப்படுவது அதன் தலைதான். மகன் வந்ததும் வராததுமாக ஹெல்மெட்டைக் கழற்றி 'டொம்'மென்று அதன் மேல் வைப்பான். மருமகள் கைப்பையை ஹெல்மெட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள்.

"இது ஃபிரிட்ஜா, பஸ் ஸ்டாண்டு சாமான் ரூமா?" என்பாள் ஆன்டெனா அம்மா.

"வேற எடம் காட்டும்மா, வைக்கிறேன்" என்பான் மகன்.

காட்ட இடம் இருந்தால்தானே. எனவே திட்டும் தினமும் உண்டு, ஹெல்மெட்டும் தினமும் அங்கேதான்.

ஒரு நாள் காலை, மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, சத்தம் ஆரம்பித்தது. அதற்கு முந்தின நாள்தான் கம்மல் திருகு ஒன்று உருண்டோடிவிட்டது என்று ஆன்டெனா அம்மா அந்த ஃபிரிட்ஜைத் தனியாளாக இழுத்து, அடியெல்லாம் பெருக்கி, பழையபடி தள்ளி வைத்திருந்தாள். திருகு கடைசியில் சோப்பு டப்பாவில் இருந்தது, அது வேறு கதை.

சத்தம் என்றால் சாதாரணச் சத்தம் இல்லை. டர்ர்ர், டர்ர்ர், டக். மறுபடி டர்ர்ர். யாரோ ஒரு குட்டி மோட்டார் சைக்கிளை முட்டைத் தட்டில் நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்க மறந்து போனதுபோல. காலையில் தொடங்கினால் அவ்வப்போது இளைப்பாறி, மறுபடி முறுக்கிக்கொண்டு, சாயங்காலம் வரை ஓட்டம்.

சாயங்காலம் மகன் வந்தான். ஹெல்மெட் 'டொம்.'

"டேய், இதைக் கொஞ்சம் கேளு. காலைலேருந்து உயிர வாங்குது."

மகன் ஃபிரிட்ஜ் கதவில் காதை வைத்தான். ஃபிரிட்ஜ் பால் குடித்த பூனைபோல 'ம்ம்ம்' என்றது. வேறு மூச்சுக் காட்டவில்லை.

"நல்லாத்தானேம்மா ஓடுது?"

"இப்ப நல்லாத்தான் ஓடும். உன்னக் கண்டா நல்ல புள்ள வேஷம் போடுது."

மகன் சிரித்தான். அவளும் சிரித்தாள். மறுநாள் மகன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கி, வண்டியைக் கிளப்பிய சத்தம் தெருமுனையில் தேய்வதற்குள் ஃபிரிட்ஜ் தன் வண்டியைக் கிளப்பிவிட்டது.

ஆன்டெனா அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். டெலிபோன் அறையில் இரைச்சல் எந்த லைனில் இருக்கிறது என்று தெரியாவிட்டால் ஒரு வழிதான். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது இரைச்சல் நிற்கிறதோ, குற்றவாளி அது. அதே முறையை இங்கேயும் வைத்தாள். கதவில் இருந்த கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்கிறதோ என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்தாள். டர்ர்ர். முதுகுக் கம்பிவலை சுவரில் உரசுகிறதோ என்று கையை விட்டுப் பார்த்தாள், நடுவில் தாராளமாக இடம் இருந்தது. பின்னால் அடியில் தண்ணீர் வடிகிற தட்டு ஆடுகிறதோ என்று அதை உருவிக் கழுவிப் பழந்துணி மடித்து வைத்தாள். டர்ர்ர். குளிரைக் குறைத்தாள். உள்ளே ஐஸ் கட்டியது காரணமோ என்று அணைத்து உருக்கி, துடைத்து, மறுபடி போட்டாள். முன்னறை முழுக்கத் தண்ணீர். ஃபிரிட்ஜ் மட்டும் குளித்து முடித்த தெம்பில் இன்னும் உரக்கப் பாடியது.

போனைத் தூக்கினாள். ஆயுள் முழுக்கக் கைகொடுத்த கருவி, அது காட்டிக்கொடுக்குமா? மருமகளை அலுவலகத்தில் கூப்பிட்டு, "இந்தா, நீயே உன் காதால கேளு" என்று போனை ஃபிரிட்ஜின் இடுப்பில் ஒட்டி வைத்தாள். நன்றாகக் கேட்கட்டும் என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள்.

"என்ன, கேட்டுதா?"

"இல்லையே அத்தை. நீங்க பேசறதுதான் கேக்குது. நடுவுல ஒரே அமைதி. லைன் போயிடுச்சோன்னு நெனச்சேன்."

இந்தக் காலத்துப் போன்கள் ஆள் குரலை அனுப்பிவிட்டு, விடாமல் ஓடும் மோட்டார் இரைச்சலை விழுங்கிவிடும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. ஃபிரிட்ஜை விட்டுவிட்டுத் தன் காதைக் குடையத் தொடங்கினாள்.

இவ்வளவு கலங்க என்ன இருக்கிறது, ஒரு ஃபிரிட்ஜ்தானே என்று கேட்கலாம். விஷயம் அங்கேதான் இருந்தது. அந்த வாரத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கண்காணிப்பாளர் கூப்பிட்டிருந்தாள். ஒரு காலத்தில் ஆன்டெனா அம்மாவிடம் தொழில் பழகிய பெண், இப்போது அந்த அறைக்கே அதிகாரி.

"அக்கா, வீட்டுல தனியா இருக்கற முடியாதவங்க கூப்பிடறதுக்குன்னு புதுசா ஒரு உதவி நம்பர் ஆரம்பிக்கிறோம். பாதிப் பேருக்குக் குரலே எழும்பாது. பேச்ச மட்டும் கேட்டா போதாது, பேசாததையும் கேக்கணும். உங்க காது வேணும்க்கா. பகல்ல மட்டும் வந்தா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

அன்றைக்கு அவள் கால் தரையில் படவில்லை. வெள்ளிக்கிழமை சரி என்று சொல்லிவிட்டு வீட்டாரிடம் பெருமையாக அறிவிக்கலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த நாள்தான் இந்த ஃபிரிட்ஜ் பாட ஆரம்பித்தது. யாருக்கும் கேட்காத சத்தம் ஒருத்திக்கு மட்டும் கேட்டால் அது ஃபிரிட்ஜில் இருக்கிறதா, தலைக்குள் இருக்கிறதா? தலைக்குள் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறவள், குரல் எழும்பாத ஒரு மனுஷியின் மூச்சை எப்படிப் பிரித்துக் கேட்பாள்? கேட்காமல் வெட்டிவிட்டால்?

மகன் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கை வரச் சொன்னான். மெக்கானிக் நல்ல வாய்க்காரர். படியேறி வந்து, கருவிப் பையை ஃபிரிட்ஜ் தலையில் 'தொப்'பென்று வைத்துவிட்டு, ஒரு நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியைக் கம்ப்ரஸரில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டரே தோற்றுப்போவார்.

"இது பாடலைங்கம்மா, தியானம் பண்ணுது. இந்த ஓட்டம் ஓடற மெஷின நான் பாத்து வருஷமாச்சு. இதுவரைக்கும் எத்தனை ஃபிரிட்ஜுக்கு நாடி பாத்திருப்பேன்! இது உங்க பேரன் கல்யாணத்துக்கும் ஐஸ் தரும்."

"இப்ப நீங்க வந்ததும் நின்னு போச்சுங்க."

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் சொல்வாங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் தலை படியில் மறைந்ததுதான் தாமதம். டர்ர்ர், டக்.

"ஐயா! ஐயா! பிடிச்சிட்டேன், ஓடி வாங்க!"

மெக்கானிக் பாதிப் படியிலிருந்து திரும்பி மேல்மூச்சு வாங்க ஓடி வந்தார். பையை ஃபிரிட்ஜ் மேல் வைத்தார், கையை இடுப்பில் ஊன்றினார். ஃபிரிட்ஜ் மறுபடி தியானத்தில் அமர்ந்துவிட்டது.

மெக்கானிக் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கேலி இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. "எங்கம்மாவுக்கும் இப்படித்தாங்க. காதுக்குள்ள ரயில் ஓடுதும்பாங்க. சொட்டு மருந்து விட்டா சரியாயிடும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மருமகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. பகல் பூரா தனியா இருந்தா சில பேருக்கு இப்படி ஏதாவது கேக்குமாம். காது டாக்டர்கிட்ட வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லி வச்சிருக்கேன். நான் கூட வரேன்."

நல்ல பெண். நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னாள். ஆன்டெனா அம்மா தலையாட்டினாள். அன்று ஹெல்மெட்டைப் பற்றித் திட்டவில்லை. மகன் ஹெல்மெட்டை வைத்துவிட்டுத் திட்டுக்காகச் சற்று நேரம் காத்திருந்து பார்த்தான். வரவில்லை என்றதும் அவனுக்கு முகம் வாடிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை. இருவரும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஃபிரிட்ஜ் தன் கச்சேரியைத் தொடங்கியது. ஆன்டெனா அம்மா அதற்கு முதுகைக் காட்டி நாற்காலியில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். முடியாது என்று சொல்லிவிட வேண்டும். காரணம் சொல்லக் கூடாது, வீட்டில் வேலை அதிகம் என்று மட்டும் சொன்னால் போதும். மணி போய்க்கொண்டிருந்தது. அப்போது பார்த்து வாசல் மணியும் அடித்தது. போனை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தாள்.

வாசலில் பார்சல் கொண்டுவரும் இளைஞன். கையில் கனமான அட்டைப்பெட்டி. மருமகள் வரவழைத்த அரைக்கும் இயந்திரம்.

"மேடம், இங்க ஒரு கையெழுத்து போடுங்க." அவன் உள்ளே எட்டிப் பார்த்தான். "என்ன மேடம், வீட்டுக்குள்ள வண்டி எதுவும் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கீங்களா?"

ஆன்டெனா அம்மா கையெழுத்தைப் பாதியில் நிறுத்தினாள்.

"என்ன சொன்ன?"

"இல்ல மேடம், டர்ருனு..."

"தம்பி, அத இன்னொரு தரம் சொல்லு."

"டர்ருனு சத்தம் வருதே, அதச் சொன்னேன். தப்பா மேடம்?"

"தப்பா? நீ நல்லா இருக்கணும். உன் கால்ல செருப்பு தேயாம இருக்கணும். உள்ள வா, வா!" பெட்டியை அவன் கையிலிருந்து பறித்தாள். கனம் தாங்கவில்லை. எங்கே வைப்பது என்று யோசிக்கக்கூட நேரமில்லாமல், யார் வைத்தாலும் தான் திட்டுகிற அதே இடத்தில், ஃபிரிட்ஜின் தலையில், வாசல் பக்கத்து மூலையில் வைத்தாள்.

சத்தம் கத்தரித்ததுபோல நின்றது.

இரண்டு பேரும் ஃபிரிட்ஜைப் பார்த்தார்கள்.

"நின்னுடுச்சு மேடம்."

ஆன்டெனா அம்மா பெட்டியைத் தூக்கினாள். டர்ர்ர். வைத்தாள். அமைதி. தூக்கினாள். டர்ர்ர், டக். பெட்டியின் கனம் அவளுக்கு மறந்தே போயிற்று.

"இப்ப கேக்குதா?"

"கேக்குது மேடம்."

"இப்ப?"

"கேக்கல."

"இப்ப?"

"கேக்குது. மேடம், எனக்கு இன்னும் நாலு வீடு இருக்கு..."

"போகலாம் இரு. நீ சாட்சி."

மகனின் ஹெல்மெட், மருமகளின் கைப்பை, மெக்கானிக்கின் கருவிப் பை. மாடியேறி வந்த ஒவ்வொருவரும் முதல் காரியமாக அந்தத் தலையில் ஏதோ ஒரு பாரத்தை வைத்து ஃபிரிட்ஜின் வாயை அடைத்துவிட்டு, அப்புறம் காதை வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அதன் மேல் ஒன்றும் வைக்காத ஒரே ஜீவன் அந்த வீட்டில் அவள்தான். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பார்த்தவளுக்கு, ஆட்களே ஒயராக வந்து போகிறார்கள் என்பது மட்டும் தோன்றாமல் போயிற்று.

"மேடம், உங்க போன் பேசுது" என்றான் இளைஞன்.

நாற்காலியிலிருந்து "ஹலோ, ஹலோ, அக்கா?" என்ற குரல் எறும்பு அளவில் வந்துகொண்டிருந்தது. ஆன்டெனா அம்மா போனை எடுத்தாள்.

"என்னக்கா, யாரோ கேக்குது, கேக்கலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. லைன் டெஸ்ட் பண்றீங்களா?"

"ஆமா, பண்ணி முடிச்சாச்சு. லைன் சுத்தமா இருக்கு. நான் திங்கட்கிழமை வரேன்."

"அப்பாடா! நீங்க மாட்டேன்னு சொல்லிடுவீங்களோன்னு..."

"இரு, இரு. இப்ப சாஞ்சு உக்காந்த இல்ல? எடது கைப் பக்கம் கிறீச்சுனு ஒண்ணு கேட்டுது. அது நான் உக்காந்த நாற்காலிதானே? இன்னுமா அதுக்கு எண்ணெய் விடல?"

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. "விட்டு வைக்கிறேன்க்கா."

பார்சல் இளைஞனுக்கு ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரும் தட்டு நிறையப் பழமும் கிடைத்தன. மிச்ச வீடுகளுக்கு அவன் தாமதமாகத்தான் போனான்.

அன்று சாயங்காலம் ஆன்டெனா அம்மா மெக்கானிக்கையும் வரவழைத்துவிட்டாள். மகன் படியேறி வந்து வழக்கம்போல ஹெல்மெட்டைக் கழற்றி உயர்த்தினான்.

"வைக்காதே!" என்று ஓர் அதட்டல். மகனின் கை அந்தரத்தில் நின்றது. மருமகள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மெக்கானிக் கருவிப் பையைத் தோளிலிருந்து இறக்கத் துணியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார். மூவரும் சாமானும் கையுமாக வாசலில் நிற்க, ஃபிரிட்ஜ் யாருக்கும் அஞ்சாமல் டர்ர்ர் என்று பாடியது.

"ஐயோ" என்றாள் மருமகள். "இதா அத்தை? இதையா பகல் பூரா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"இப்ப வைடா" என்றாள் ஆன்டெனா அம்மா. மகன் வைத்தான். அமைதி.

மெக்கானிக் பையைத் தரையில் போட்டுவிட்டுக் குப்புறப் படுத்து ஃபிரிட்ஜின் அடியில் பார்த்தார். படுத்தபடியே பேசினார். "முன்கால் ஒண்ணு திருகு தளர்ந்து மேல ஏறிப் போயிருக்கும்மா. நாலு கால்ல நிக்க வேண்டியது மூணு கால்ல நிக்குது. எஞ்சின் அதிரும்போது அந்தக் கால் தரைய அடிக்குது. மேல கனம் வச்சா கால் ஊனிடுது. யாராவது இத இழுத்தீங்களா?"

"கம்மல் திருகு தேடினேன்" என்றாள் ஆன்டெனா அம்மா.

"காதுத் திருகத் தேடப் போய் கால் திருகக் கழட்டி விட்டுட்டீங்க." காலைக் கையாலேயே முறுக்கி இறக்கினார். எழுந்து தூசி தட்டிக்கொண்டு, காதைச் சொறிந்தபடி, "அன்னைக்கு நான் ஏதோ ரயில்னு ஒளறிட்டேன். மனசுல வச்சுக்காதீங்கம்மா" என்றார்.

"உங்கம்மா காதுல ஓடறது ரயில்தானான்னு மொதல்ல போய்ப் பாருங்க. அவங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேலயும் இந்தப் பையத்தானே வைப்பீங்க?"

மெக்கானிக் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு யோசனை வந்தது. தேநீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மகன் ஹெல்மெட்டை எடுத்தான். சத்தம் இல்லை. வைத்தான், எடுத்தான். எப்படியும் சத்தம் இல்லை. அப்போதுதான் ஆன்டெனா அம்மா திங்கட்கிழமைச் செய்தியைச் சொன்னாள். மருமகள் அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு நினைவு வந்து, "டாக்டர்கிட்ட வரலைன்னு சொல்லிடறேன் அத்தை" என்று போனை எடுத்தாள்.

"எதுக்கு? கிடைச்ச நேரத்த வீணாக்காதே. உன் புருஷனக் கூட்டிக்கிட்டுப் போ. பொறந்ததுலேருந்து நான் சொன்னது ஒண்ணும் அவன் காதுல விழுந்ததில்ல."

"அம்மா!" என்றான் மகன்.

"ஸ்ஸ்." ஆன்டெனா அம்மா கையை உயர்த்தினாள். கண்ணை மூடினாள். மற்ற இருவரும் அசையாமல் நின்றார்கள். தலையில் பாரம் இல்லாமலே ஃபிரிட்ஜ் இப்படி வாயை மூடி நின்று நாலு நாள் ஆகிவிட்டது.

"மேல் மாடி வீட்டுல குளியலறைக் குழாய் சரியா மூடல. சொட்டுது. பிளாஸ்டிக் வாளில இல்ல, இரும்பு வாளில."

மகனும் மருமகளும் காதைத் தீட்டிக் கேட்டார்கள். ஒன்றும் இல்லை. தெருவில் ஒரு வண்டி போனது, அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மகன் ஹெல்மெட்டை ஃபிரிட்ஜ் தலையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, குழாயை மூடச் சொல்ல மேல் மாடிக்குப் போனான்.